அபூசுஃப்யானாக நின்றவர்: நடிகர் மைக்கேல் அன்சாராவின் கலைவாழ்வு

'தி மெஸேஜ்' திரைப்படத்தைப் பார்த்த எவரிடமும் அதில் நடித்தவர் யார் என்று வினவினால், ஆன்டனி க்வின் என்ற பெயர் உடனே வரும். சற்றுக் கூடுதலாக அறிந்தவர் ஹிந்தாவாக நடித்த கிரேக்க நடிகை ஐரீன் பாப்பாஸின் பெயரையும் சொல்லக்கூடும். குறைஷியர் தலைவராக, அகன்ற தோளும் ஆழ்ந்த குரலுமாகப் படம் முழுவதும் வந்து, இறுதியில் தலைதாழ்த்தி நிற்கும் அபூசுஃப்யான் (ரலி) அவர்களின் பாத்திரத்தை ஏற்றவர் பெயரை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. அவர் பெயர் மைக்கேல் அன்சாரா. அந்தப் படத்துக்கு முன்னர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஹாலிவுட்டில் நடித்து வந்தவர். அம்முப்பது ஆண்டுகளில் அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரு நடிகரின் வாழ்க்கையோடு ஒரு பெருந்தொழில் உலக மக்களை எவ்வாறு வகைபிரித்து வைத்திருந்தது என்ற வரலாறும் கிடைக்கிறது.

நபித்தோழர்களை நடிகர்கள் உருவகித்துக் காட்டுவது கூடுமா என்ற வினா மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படுவது. அதற்கு விடை சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. படம் எடுக்கப்பட்டுவிட்டது, உலக முஸ்லிம்களுள் பெரும்பகுதியினர் அதைப் பார்த்தும் விட்டனர். அதில் நின்ற ஒரு மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதையே இங்குப் பார்க்கிறோம்.

அன்சாரா 1922 ஏப்ரல் 15 அன்று சிரியாவின் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். உதுமானியப் பேரரசு சிதைந்து, அந்நிலம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. பெற்றோர் ஏற்கெனவே அமெரிக்கர்களாகிவிட்டவர்கள். குழந்தைக்கு இரண்டு வயதானபோது குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நெசவாலை நகரான லோவலில் குடியேறியது. அந்த 1924ஆம் ஆண்டில்தான் அமெரிக்கா தன் புதிய குடிவரவுச் சட்டத்தை இயற்றியது. சிரியா, லெபனான் இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு நூறு பேர் மட்டுமே வரலாம் என்று அச்சட்டம் வரையறுத்தது. அமெரிக்கப் பெற்றோரின் பிள்ளையாதலால் அன்சாராவுக்கு அத்தடை இல்லை.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே குடியுரிமை கோரலாம். சிரியர் எந்த இனம் என்ற வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கி, 1915ஆம் ஆண்டு ஜார்ஜ் டௌ என்பவரின் வழக்கில் சிரியரும் வெள்ளையரே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சட்டத்தின் கண்ணில் அன்சாரா வெள்ளையர். ஆனால் திரைப்படக் கருவியின் கண் வேறுவிதமாகப் பார்த்தது.

சிறுவனாக லோவலில் வளர்ந்தவர் பின்னர்க் குடும்பத்தோடு கலிஃபோர்னியா சென்றார். மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தோடு லாஸ் ஏஞ்சலஸ் நகரக் கல்லூரியில் சேர்ந்தார். கூச்ச சுபாவம் மிகுந்திருந்தமையால், அதைப் போக்கிக்கொள்ளவே நாடக வகுப்பில் அமர்ந்ததாகச் சொல்வார்கள். மருத்துவம் போயிற்று, நாடகம் நின்றது. பசடேனா பிளேஹவுஸ் என்ற புகழ்பெற்ற நாடகப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் நட்சத்திரமாகிய சார்லஸ் பிரான்சன் அங்கு அவரோடு பயின்றவருள் ஒருவர். 1944இல் வெளிவந்த 'ஆக்ஷன் இன் அரேபியா' என்ற உளவுப் படத்தில் பெயர்கூடப் போடாத சிறு வேடத்தில் அவர் முதலில் தோன்றினார். போர்க்காலத்து டமாஸ்கஸ் நகரில் நாஜிகளும் நேச நாட்டினரும் அரபுகளைத் தத்தம் பக்கம் இழுக்கும் கதை அது. சிரியாவில் பிறந்த இளைஞருக்கு, கலிஃபோர்னியாவில் கட்டிய சிரியாவில் முதல் வாய்ப்பு.

குணசித்திர நடிகர் என்ற சொல்லை நாம் மதிப்போடு வழங்குகிறோம். ஹாலிவுட்டின் ஸ்டூடியோ முறையில் அது ஒரு கூலிப்பணி. கதாநாயகனுக்கு எதிரே நிற்க ஒரு முகம் வேண்டும். அம்முகத்துக்கு ஒரு வாள், ஒரு தலைப்பாகை, நான்கு வசனங்கள். காலையில் ஒரு நாட்டவர், மாலையில் இன்னொரு நாட்டவர். அன்சாராவுக்கு ஆறடிக்கும் மேற்பட்ட உயரம், கருத்த புருவம், கீழ்ஸ்தாயிக் குரல். 1950 முதல் 1956 வரை அவர் நடித்தவற்றுள் சிலவற்றைச் சொன்னாலே போதும். கிப்ளிங்கின் கதையான 'கிம்' படத்தில் சிறு வேடம். 'சோல்ஜர்ஸ் த்ரீ'யில் மானிக் ராவ் என்ற இந்தியர். 'ஒன்லி தி வேலியன்ட்' படத்தில் அப்பாச்சி இனத் தலைவர். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' படத்தில் பின்டாரஸ் என்ற அடிமை. 'ஸ்லேவ்ஸ் ஆஃப் பாபிலோன்' படத்தில் பாபிலோனிய அரசன் பெல்ஷாசார். 'தி ஈஜிப்ஷியன்' படத்தில் ஹிட்டைட் படைத்தலைவர். 'ஜூபிடர்ஸ் டார்லிங்' படத்தில் ஹானிபாலின் தளபதி. 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தில் அடிமைகளை அடித்து வேலை வாங்கும் கண்காணி. இந்தியர், அப்பாச்சியர், பாபிலோனியர், ஹிட்டைட்டுகள், கார்த்தேஜியர் ஆகிய எல்லாருக்கும் ஒரே முகம்! வெள்ளையரல்லாத உலகம் முழுவதையும் ஒரு முகத்துக்குள் அடக்கிவிடலாம் என்ற எண்ணம் எவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது என்பதே இப்பட்டியல் காட்டுவது.

முகம் மட்டுமன்று, அரண்மனைகளும் அப்படியே. ஸாம் கட்ஸ்மன் என்ற தயாரிப்பாளர் சிக்கனத்துக்குப் பேர் போனவர். அவருடைய 'ஸர்பென்ட் ஆஃப் தி நைல்' (1953) படம், கொலம்பியா நிறுவனம் 'ஸலோமி' என்ற பெரும்படத்துக்குக் கட்டிய அரங்குகளை இடிப்பதற்குள் பயன்படுத்தி எடுக்கப்பட்டது. யூத மன்னன் ஏரோதின் மாளிகை கிளியோபாட்ராவின் மாளிகையாயிற்று. அதிலும் அன்சாரா உண்டு. மறு ஆண்டு வந்த 'பிரின்சஸ் ஆஃப் தி நைல்' இன்னும் வேடிக்கையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டு எகிப்தில் நடக்கும் அக்கதையின் வில்லன் ஒரு பதூவித் தலைவன். அவன் பெயர் ராமா கான். ராமனையும் கானையும் ஒட்டவைத்து அரேபியனுக்குச் சூட்டிய அந்த எழுத்தாளர் கீழைநாடுகளைத் தனித்தனியாகப் பார்த்ததே இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அந்தப் படத்தில் அன்சாராவின் வேடம் க்ரால் என்ற படைத்தலைவன். க்ரால் எந்த மொழிப் பெயர் என்று எவரும் கேட்கவில்லை போலும்.

அதே 1954இல் 'பெங்கால் பிரிகேட்' வெளிவந்தது. 1857 பெருங்கிளர்ச்சியை ஆங்கில அதிகாரி ஒருவரின் கண்வழிச் சொன்ன படம். நாயகன் ராக் ஹட்சன். சிப்பாய்களின் தலைவரான பூரண் சிங் வேடத்தில் அன்சாரா. நம் மண்ணின் விடுதலை வரலாற்றை நம்மவரல்லாதார் கலிஃபோர்னியாவில் எடுத்தால் எப்படியிருக்குமோ அப்படியே இருந்தது படம். ஆயினும் பூரண் சிங்கின் வேடத்தை அன்சாரா கேலிப்பொருளாக்கவில்லை. அந்தத் தலைப்பாகைக்கு அடியில் ஒரு மனிதன் இருப்பதை அவர் மறக்கவில்லை. இத்தன்மை அவருடைய மிகச் சிறிய வேடங்களிலும் தென்படுவது. 'தி ரோப்' (1953) படத்தில் அவர் யூதாஸாகத் தோன்றுவது ஒரே காட்சியில். பட்டியலில் பெயரும் இல்லை. காட்டிக்கொடுத்துவிட்டு இருளில் தடுமாறி வருபவனின் குற்ற உணர்வை அவர் குரலால் மட்டுமே காட்டினார். சினிமாஸ்கோப்பில் முதன்முதலாக வெளிவந்த அப்பெரும்படத்தின் ஆடம்பரங்கள் மறந்துபோன பின்னும் அக்காட்சி நினைவில் நிற்கிறது.

பெயர் தெரியாதிருந்த அவரைப் பெயர் தெரிந்தவராக்கியது தொலைக்காட்சி. 1956 முதல் 1958 வரை ஏ.பி.சி. ஒளிபரப்பிய 'புரோக்கன் ஆரோ' தொடரில் அப்பாச்சித் தலைவர் கோச்சீஸாக நடித்தார். வரலாற்றுக் கோச்சீஸ் தம் மக்களுக்காகப் பல்லாண்டு போரிட்டு, 1872இல் உடன்படிக்கை செய்துகொண்டு, 1874இல் மறைந்தவர். எலியட் ஆர்னால்டின் நாவலிலிருந்து 1950இல் எடுக்கப்பட்ட திரைப்படமே தொடருக்கு மூலம். அப்படத்தில் கோச்சீஸாக நடித்தவர் ஜெஃப் சாண்ட்லர். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த யூதர். தொடரிலோ சிரியர். உண்மையான பூர்வகுடி நடிகர் எங்கே போனார் என்று தேடினால், அவர் பக்கத்திலேயே நிற்கிறார். மொஹாக் இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸ் அந்த 1950ஆம் ஆண்டுப் படத்தில் ஜெரோனிமோவாக ஒரு சிறு வேடத்தில் வந்தார். 1956இல் 'தி லோன் ரேஞ்சர்' படத்தில் அவர் வெள்ளை நாயகனின் துணைவன் டோன்டோ; அப்படத்தில் சினங்கொண்ட பூர்வகுடி வீரனாக நடித்தவர் அன்சாரா! தமக்குரியதல்லாத ஒரு வேடத்தை ஏற்கும்போது அதற்குரியவரின் வாய்ப்பையும் சேர்த்தே ஒருவர் எடுத்துக்கொள்கிறார். அன்சாராவின் பொருட்டு வருந்தும் நாம் சில்வர்ஹீல்ஸுக்காகவும் வருந்த வேண்டும்.

கோச்சீஸ் வேடம் அவருக்குப் புகழ் தந்தது, நிறைவு தரவில்லை. கோச்சீஸுக்கு இரண்டே வேலை என்று அவர் நேர்காணலொன்றில் கேலியாகக் குறிப்பிட்டார்: கைகளைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக நிற்பது, அல்லது கைகளைத் தொங்கவிட்டுக் கம்பீரமாக நிற்பது. இதில் நகைச்சுவையோடு கூர்மையான திறனாய்வும் இருக்கிறது. மேற்குலகம் தன் எதிரிக்குத் தரும் மதிப்பில் ஒரு தந்திரம் உண்டு. அவனை அரக்கனாக்கும், அது முடியாதபோது சிலையாக்கும். சிரிக்கவோ ஐயுறவோ மனம் மாறவோ சிலைக்கு முடியாது.

அடுத்து வந்த 'லா ஆஃப் தி பிளெயின்ஸ்மன்' (1959–60) தொடரில் இச்சிலை சற்று அசைந்தது. ஹார்வர்டில் படித்து, நியூ மெக்சிகோவில் சட்ட அதிகாரியாகப் பணிபுரியும் அப்பாச்சியர் ஸாம் பக்ஹார்ட்டாக அவர் நடித்தார். சொந்த மக்களும் முழுதாக நம்பாத, வெள்ளையரும் ஏற்காத ஒருவரின் கதை. ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இரண்டு உலகுக்கும் நடுவே நிற்பவன் என்ற கருத்தை அந்நாளைய நேயர்கள் விரும்பவில்லை போலும். இன்று பார்க்கும்போது அவருடைய தொலைக்காட்சிப் பணிகளுள் இதுவே தேறுவதாகத் தோன்றுகிறது.

1958இல் அவர் நடிகை பார்பரா ஈடனை மணந்தார். 1965இல் தொடங்கிய 'ஐ டிரீம் ஆஃப் ஜீனி' என்ற நகைச்சுவைத் தொடரால் அவ்வம்மையார் உலகப் புகழ் பெற்றார். நெருப்பால் படைக்கப்பட்டு, பொறுப்பும் கேள்வி கணக்கும் உடைய ஜின் என்ற படைப்பைக் குர்ஆன் வழியாக அறிந்த நமக்கு, புட்டியிலிருந்து புகையாய் வெளிவந்து எஜமானின் விருப்பத்தை நிறைவேற்றும் அந்தப் பொன்முடி மங்கை அந்நியமானவள். கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தத் தொடரில் பாக்தாத்தின் ஜீனியாக வந்தவர் அரபுத் தொடர்பு ஏதுமற்ற அமெரிக்கப் பெண்மணி. அவளைப் புட்டியில் அடைத்த கொடிய நீல ஜின்னாக ஓர் அத்தியாயத்தில் வந்தவர் அவருடைய கணவர், சிரியாவில் பிறந்த அன்சாரா. கீழைத்தேயத்தின் கவர்ச்சி ஒருவருக்கு, அச்சம் இன்னொருவருக்கு என்று பங்கு பிரித்தாயிற்று. அதே 1965இல் எல்விஸ் பிரெஸ்லியின் 'ஹாரம் ஸ்காரம்' படத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் அரபு நாட்டின் சூழ்ச்சிக்கார இளவரசராகவும் அவர் வந்தார். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

லெபனான் வழிவந்த அமெரிக்க ஆய்வாளர் ஜாக் ஷாஹீன் 2001இல் வெளியிட்ட நூலில், அரபுகளைக் காட்டும் 900க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவற்றுள் அரபுகளை நல்லவிதமாகக் காட்டியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. இத்தகைய தொழிலில் அரபு மண்ணில் பிறந்த ஒரு நடிகர் முப்பதாண்டு நிலைத்திருந்தார் என்றால், எவற்றுக்கெல்லாம் உடன்பட்டிருப்பார் என்பது வெளிப்படை. அதை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

'ஸ்டார் ட்ரெக்' தொடரில் 1968இல் அவர் ஏற்ற வேடமும் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய எதிரிதான்: கிளிங்கன் என்ற வேற்றுலகப் படையின் தலைவன் காங். ஆனால் அக்கதையில் ஒரு திருப்பம் உண்டு. பகைமையை உண்டு வளரும் ஒரு சக்தி இரு தரப்பையும் ஓயாமல் மோதவிடுகிறது. உண்மை புலப்பட்டதும் காங் தன் வாளைக் கீழே எறிகிறான். அந்தக் கணத்தை அன்சாரா நடித்த விதம் வலுவானது. தோல்வியால் அன்றி அறிவால் வாளைக் கைவிடுபவனின் பெருமிதம் அதில் இருந்தது. எட்டாண்டுகளுக்குப் பின் அவர் ஏற்கவிருந்த பெரிய பாத்திரத்துக்கு இதை முன்னோட்டம் என்று சொன்னால் மிகையாகாது.

முஸ்தஃபா அக்காத் 1930இல் அலெப்போவில் பிறந்து, கலிஃபோர்னியாவில் திரைக்கலை பயின்றவர். இஸ்லாத்தின் தொடக்க வரலாற்றைப் படமாக்க முனைந்தபோது அவர் வகுத்துக்கொண்ட நெறி அனைவரும் அறிந்தது. நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ படத்தில் இல்லை. நேரிய கலீஃபாக்களும் காட்டப்படவில்லை. படப்பிடிப்பு மொராக்கோவில் தொடங்கியது. எதிர்ப்பு எழுந்து அந்நாட்டு அரசு வெளியேறச் சொன்னதால், லிபியாவின் பண உதவியோடு அங்கே முடிக்கப்பட்டது. ஒவ்வொரு காட்சியும் இருமுறை எடுக்கப்பட்டது: ஆங்கிலத்தில் ஒரு குழு, அரபியில் ஒரு குழு. அரபிப் படத்தில் அபூசுஃப்யானாக நடித்தவர் எகிப்தியரான ஹம்தி கைஸ்; ஹம்ஸா (ரலி) வேடத்தில் அவருடைய தம்பி அப்துல்லாஹ் கைஸ். ஹம்தி கைஸ் 1963இல் யூசுஃப் ஷாஹீன் எடுத்த 'அந்நாஸிர் ஸலாஹுத்தீன்' படத்தில் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டாக நடித்தவர். கெய்ரோவில் ஆங்கிலேய மன்னனாக நின்ற அரபியரும், ஹாலிவுட்டில் அரபு வில்லனாக நின்ற அமெரிக்கரும் ஒரே அரங்கில், ஒரே உடையில், ஒரே பாத்திரமாக மாறி மாறி நின்றனர்.

அபூசுஃப்யான் (ரலி) அவர்களின் வாழ்க்கையை அறிந்த வாசகர்களுக்கு அப்பாத்திரத்தின் கடினம் விளங்கும். பத்ரில் காக்கப்பட்ட வணிகக் கூட்டத்தின் தலைவர், உஹதில் எதிர்ப்படையின் தலைவர், கி.பி. 630இல் மக்கா வெற்றியின்போது இஸ்லாத்தை ஏற்றவர். எதிரியாக இருந்த காலத்திலும் பொய் சொல்ல நாணியவர். ரோமப் பேரரசர் ஹிரக்ல் அவரை அழைத்து நபியவர்களைப் பற்றி வினவியபோது, தோழர்கள் தம்மைப் பொய்யர் என்று சொல்லிவிடுவார்களோ என்ற வெட்கத்தால் உண்மையே உரைத்தார் என்பதை ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்திலேயே காண்கிறோம். இவர் அபூஜஹ்ல் அல்லர். கணக்குப் பார்க்கும் வணிகர், குலப்பெருமை உடையவர், தம் கணக்கு தவறு என்று மெல்ல மெல்ல உணர்பவர்.

இவ்வேடத்தில் அன்சாரா கோச்சீஸின் சிலைத்தன்மையை உதறிவிட்டார். குறைஷியர் கூட்டங்களில் அவர் பிறர் பேசுவதைக் கேட்கும் விதத்தைப் பாருங்கள். வெறுப்பு ஐரீன் பாப்பாஸின் கண்களில் எரிகிறது. அன்சாராவின் கண்களில் இருப்பது கவலை. நபியவர்கள் உருவாகக் காட்டப்படாததால் மற்றவர்கள் படப்பெட்டியை நோக்கியே பேச வேண்டும். எதிரே முகமில்லை, விடையில்லை. வெறும் கண்ணாடி வில்லை. பார்வையாளராகிய நம்மையே நேருக்கு நேர் பார்த்து அவர் பேசுகிறார், தயங்குகிறார், தணிகிறார். முப்பதாண்டுகளாகக் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் நின்று முறைத்த முகம், இப்போது படப்பெட்டியின் முன் தனியாக நிற்கிறது. அபூசுஃப்யானின் வீட்டில் நுழைந்தவர் பாதுகாப்புப் பெற்றவர் என்று நபியவர்கள் அறிவித்தமை மன்னிப்பின் உச்சம் மட்டுமன்று. தோற்ற தலைவனின் மானத்தைக் காத்த செயலுமாகும். அந்த மானத்தின் எடையை ஒரு நடிகர் முன்பே தாங்கிக் காட்டியிருந்தால்தான் பார்வையாளருக்கு அந்த அறிவிப்பின் அருமை புரியும். அன்சாரா அதைச் செய்தார் என்பது என் துணிபு. ஆன்டனி க்வினின் வீரத்தைவிட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அமெரிக்காவில் அப்படத்துக்கு நேர்ந்தது துயரமானது. 1977 மார்ச் 9 அன்று வாஷிங்டனில் ஆயுதமேந்திய ஒரு சிறு குழுவினர் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றி ஏறத்தாழ 150 பேரைப் பிணையாக வைத்தனர். அவர்களுடைய கோரிக்கைகளுள் இப்படத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. நபியவர்களை ஒரு நடிகர் உருவகிக்கிறார் என்ற பொய்யான வதந்தி அதற்கு முன்பே பரவியிருந்தது. முஸ்லிம் நாடுகளின் தூதர்கள் மூவர் நேரில் சென்று குர்ஆன் வசனங்களை எடுத்துரைத்துப் பேசிய பின்னரே பிணையாளிகள் விடுபட்டனர். அதற்குள் உயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டது. படம் அங்கு எழவேயில்லை. அதோடு அன்சாராவின் மிகச்சிறந்த நடிப்பும் அவருடைய சொந்த நாட்டு மக்கள் கண்ணில் அதிகம் படாமற் போயிற்று. அக்காத் 2005 நவம்பரில் அம்மானில் நடந்த ஹோட்டல் குண்டுவெடிப்பில் தம் மகளோடு உயிரிழந்தார்.

அன்சாரா பின்னும் பல்லாண்டு நடித்தார். பழைய வேடங்கள் மீண்டும் வந்தன: 'தி மானிட்டூ' (1978) படத்தில் பூர்வகுடி மருத்துவர், 'சென்டேனியல்' தொடரில் பூர்வகுடித் தலைவர். 1994இலும் 1996இலும் புதிய 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களில் முதிய காங்காக வந்தார். இவற்றுக்கிடையே 1992இல் 'பேட்மேன்' கேலிச்சித்திரத் தொடரில் மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். நோயுற்ற மனைவியை இழந்து உள்ளம் உறைந்துபோன விஞ்ஞானி அவன். உணர்ச்சியே இல்லாததுபோல் ஒலித்து, அடியில் துக்கம் கசியும் அக்குரலைக் கேட்ட ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அதை மறக்கவில்லை. முகம் தெரியவில்லை, ஆகவே அது எந்த இனத்தவன் குரல் என்று எவரும் கேட்கவில்லை.

2013 ஜூலை 31 அன்று, தம் 91ஆம் வயதில், கலிஃபோர்னியாவின் கலபாஸஸில் அவர் காலமானார்.